கராஜ் கூரையும் சாமி விளக்கும்

எனக்குப் பயம் வந்தால் அழுகை வராது. கைகூட நடுங்காது. வாய்தான் நீளும். எதிரில் யார் அகப்பட்டாலும் திட்டித் தீர்த்துவிடுவேன். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டன என்று டாக்டர் சொன்ன அன்று எனக்கு அகப்பட்டது ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பார்க்கிங் இயந்திரம். டிக்கெட்டை விழுங்கிவிட்டு வெளியே விடமாட்டேன் என்று அது அடம்பிடித்தது. கார் ஜன்னலிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டி அதைக் கிழி கிழியென்று கிழித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தபடி அவர், "அது என்ன பண்ணும் பாவம், விடு லா," என்றார்.

அவர் கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அத்தனை உயரத்தில் தனியாக உட்கார்ந்து, காற்றில் ஆடும் கன்டெய்னர்களைத் தூக்கி வைத்தே காலத்தைக் கழித்த மனிதருக்கு எதைக் கண்டும் பதற்றம் கிடையாது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பயப்பட ஒருத்தி, பயப்படாமல் இருக்க ஒருவர் என்று இருவருமாக வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு குடும்பம் நடத்தினோம்.

இதயம் பலவீனமாக இருந்ததால், ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் அவருக்கு ஒத்துவரவில்லை. அதனால் வயிற்றில் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை அந்தக் குழாய் வழியாக வயிற்றிலிருக்கும் பழைய நீரை வடியவிட்டு, ஸ்டாண்டில் தொங்கும் பையிலிருந்து புதிய மருந்து நீரை உள்ளே இறக்க வேண்டும். மிஷின் எதுவும் கிடையாது. மேலே ஒரு பை, தரையில் ஒரு பை, நடுவில் அவர். அவ்வளவுதான்.

அதைச் சொல்லிக்கொடுத்த ஆஸ்பத்திரித் தாதி கலகலப்பான பெண். கையை எப்படிக் கழுவுவது, மாஸ்க்கை எப்படிப் போடுவது, குழாயின் மூடியை எப்படித் திறப்பது என்று எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே காட்டினாள். கடைசியில் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஆன்டி, இது செய்யும்போது கதவு ஜன்னல் எல்லாம் மூடியிருக்கணும். ஃபேன் வேணாம், ஏர்கோன் வேணாம். காத்துல ஒரு தூசு பறந்து வந்து உள்ள போச்சுன்னா வயிறு முழுக்க கிருமியாயிடும். அங்கிளோட ஹார்ட் அதைத் தாங்காது."

அந்தக் கடைசி வாக்கியம் எங்களோடு காரில் ஏறி வீட்டுக்கு வந்தது. இன்றுவரை வீட்டை விட்டுப் போகவில்லை.

எங்கள் வீடு கிள்ளானில், மேருவுக்குப் போகும் வழியில், வரிசை வீடுகளில் ஒன்று. படுக்கையறைகள் எல்லாம் மாடியில். சர்க்கரை நோயால் வலது காலில் விரல்களை இழந்தவரால் மாடி ஏற முடியாது. கீழே ஹாலும் சமையலறையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நடுவில் கதவுகூட இல்லை. மீன் பொரித்தால் புகை வந்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்ளும். மிச்சமிருந்தது கராஜ்தான். எங்களுக்கு முன் அந்த வீட்டில் இருந்தவர், கார் நிறுத்தும் போர்ச்சைச் சுற்றிச் சுவர் எழுப்பி, முன்னால் இரும்பு ஷட்டர் போட்டு, மரச்சட்டங்களின் மேல் தகரம் அடித்து மூடியிருந்தார். நாங்கள் காரைத் தெருவில் விட்டுவிட்டு அதை அவருடைய அறையாக்கினோம். தரைக்கு டைல்ஸ், சுவருக்கு வெள்ளைச் சாயம், ஷட்டரின் இடுக்குகளுக்கு ரப்பர் பட்டை, ஒரு ஏர்கோன் என்று எல்லாம் செய்தோம். ஒரு ஈ உள்ளே வர முடியாது என்று எனக்குப் பெருமை வேறு.

தலைக்கு மேலே இருந்த தகரத்தை மட்டும் மறந்துவிட்டோம்.

காலையிலும் மாலையிலும் தொந்தரவு இல்லை. மத்தியானத்தில்தான் பாடு. ஏர்கோனை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, கை கழுவி வருவதற்குள் அந்த அறை அடுப்பாகிவிடும். அவர் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். அது சொட்டிக் குழாய் முனையில் விழுந்துவிடுமோ என்று நான் துண்டோடு பக்கத்திலேயே நிற்பேன். ஒரு நாள் குழாயின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தபோதே அவர் தலை சாய்ந்தது. கண்கள் மேலே போயின. குழாய் அவர் விரல்களிலிருந்து நழுவி, கட்டியிருந்த கைலியின் மேல் படப்போகும் சமயத்தில் எப்படியோ பிடித்துவிட்டேன். ஒரு கையில் குழாய், மறு கையில் அவர் தாடை. உதவிக்குக் கூப்பிட்டால் மாஸ்க் நழுவும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன். அவருக்கு நினைவு திரும்பியதும் தண்ணீர் கேட்டார். நான் தகரத்தை அண்ணாந்து பார்த்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

கூரைக்கு வெப்பம் தாங்கும் மறைப்பு அடிக்க வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று. ஒரு கான்ட்ராக்டர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "சின்ன வேலை லா அக்கா, நான் வந்து செஞ்சு குடுக்கறேன்," என்று சொல்லிப் போனார். போனவர் போனவர்தான். நான் அனுப்பும் செய்திகளைப் படித்துவிட்டதற்கான நீலக் குறிகள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தன. கடைசியில் என் தம்பி, "நம்மளே அடிச்சிடலாங்க்கா, இது என்ன பெரிய வித்தையா?" என்றான். அவன் லோரி ஓட்டுகிறான், சுங்கை பூலோவில் இருக்கிறான். எதைக் கேட்டாலும் என்ன பெரிய வித்தையா என்பான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் சுவரில் பதித்த சின்ன மாடம் ஒன்று உண்டு. அதில் பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய அம்மன் படம், படத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு பல்பு. எங்கள் வரிசையில் தமிழர் வீடுகள் எல்லாவற்றிலும் அப்படி ஒன்று பகலும் இரவும் எரிந்துகொண்டிருக்கும். யாரும் அதை அணைப்பதில்லை. அணைக்கலாம் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை. நானும் அதைப் பெரிதாக நினைத்தவள் இல்லை, அந்த முதல் டயாலிசிஸ் ஒத்துக்கொள்ளாமல் அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாள்வரை. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்தவள், அந்த மாடத்துக்கு முன்னால் நின்று, "தாயே, இந்த விளக்கு எரியற வரைக்கும் அவரை எனக்கு விட்டு வை," என்று வேண்டிக்கொண்டேன்.

அவர் பிழைத்து வந்தார். அதன்பிறகுதான் என் வேண்டுதலின் மறுபக்கம் எனக்கு உறைத்தது. எரியும் வரைக்கும் என்றால், அணைந்தால்? அம்மனிடம் போய் வார்த்தையை மாற்றிக் கேட்கவும் பயமாக இருந்தது. அன்றிலிருந்து சிவப்பு பல்பு டஜன் கணக்கில் வாங்கி வைத்தேன். கரண்ட் போனால் மழையானாலும் ஓடிப்போய் மாடத்தில் அகல் ஏற்றுவேன். நடுவில் இருட்டாக இருந்த நேரத்தை அம்மன் பொருட்படுத்த மாட்டாள் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொள்வேன். தானாகப் போகிற கரண்டுக்கு நான் பொறுப்பில்லை. என் கையால் அணைத்தால்தான் பாவம் என் தலையில். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை, அவரிடமும்தான்.

மேருவில் உள்ள ஹார்ட்வேர் கடைக்குத் தம்பியோடு நானும் போனேன். கடைக்காரர் முதலில் கல்நார் போன்ற ஒரு பஞ்சைக் காட்டினார். சூட்டுக்கு அதுதான் நல்லதாம். நான் ஒரு துணுக்கைப் பிய்த்து ஊதிப் பார்த்தேன், இழைகள் பறந்தன. "இது வேணாம், எங்க வீட்டுல தூசு ஆகாது," என்றேன். அவர் உள்ளே போய், இரண்டு பக்கமும் வெள்ளிபோல மின்னும் அலுமினிய ஃபாயிலை ஒரு பாய்ச் சுருள்போலத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். நடுவில் காற்றுக் குமிழிகள்.

"ஆன்டி, இது பாகுஸ் லா. ஹாபுக் கொஞ்சம்கூட வராது," என்றார். மலாய் மொழியில் பாகுஸ் என்றால் நல்லது, ஹாபுக் என்றால் தூசு. அந்த ஒரு சொல்லுக்காகவே வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை வைத்துக்கொண்டோம். அன்று வீட்டில் அடுப்பே மூட்டவில்லை. அவருடைய நாற்காலியையும் ஸ்டாண்டையும் ஹாலுக்குக் கொண்டுவந்து, எல்லாவற்றையும் சாத்தி, அங்கேயே டயாலிசிஸ் செய்துகொள்ள வைத்தேன். தம்பி மெயின் பாக்ஸைத் திறந்து வரிசையாக நின்ற சுவிட்சுகளைப் பார்த்தான்.

"மெயினையே அணைச்சிடலாமா மாமா?" என்று ஹாலைப் பார்த்துக் கேட்டவன், அவர் பதில் சொல்வதற்குள் தானே, "வேணாம், சாமி லைட் இருக்குல்ல," என்றான்.

"ஆமா, அது இருக்கட்டும். கராஜ் சுவிட்ச மட்டும் அணை," என்றார் அவர்.

நான் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் மூன்று பேரும் ஒரே மாதிரி நினைத்ததில் எனக்கு உள்ளூர நிம்மதி. கராஜ் விளக்கு அணைந்தது, ஏர்கோனின் சின்னப் பச்சைப் புள்ளி அணைந்தது. வாசலில் சிவப்பு பல்பு பாட்டுக்கு எரிந்தது.

தம்பி மர ஏணியில் ஏறினான். நான் பிளாஸ்டிக் முக்காலியில் நின்று ஃபாயிலை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஏந்திப் பிடித்தேன். தகரத்தோடு ஒட்டாமல் நடுவில் காற்றுக்கு இடம் விட்டு, மரச்சட்டத்தின் அடியிலும் பக்கவாட்டிலும் மடித்து, ஸ்டேப்லர் கன்னால் டப் டப்பென்று அடித்துக்கொண்டே போக வேண்டும். இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் வெள்ளி டேப்பை ஒட்ட வேண்டும். சொல்லும்போது சுலபம். தகரத்தின் சூடு முகத்தில் அடித்தது, பழைய சிலந்திக்கூடுகள் தலையில் விழுந்தன. ஒவ்வொரு தூசுக்கும் நான் கத்தினேன்.

"அக்கா, நீ திட்டறதுல எனக்கு ஸ்டேப்லர் சத்தமே கேக்கல," என்றான் தம்பி.

"கேக்கலன்னா காத நல்லா கழுவு. அந்த மூலைய விட்டுட்ட பாரு, ஒழுங்கா அடி."

ஷட்டர் பக்கம் இருந்த கடைசிச் சட்டத்தில் துண்டு கொஞ்சம் குறைந்தது. தம்பி இழுத்துப் பிடித்து, பக்கவாட்டில் நெருக்கி நெருக்கி நாலு அடி அடித்து, அதைப் பக்கத்துத் துண்டோடு டேப்பால் சேர்த்தான். இறங்கி வந்து கையை உயர்த்திப் பார்த்தான். நானும் பார்த்தேன். மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த அனல் நின்றுவிட்டிருந்தது. அவரைக் கூட்டிவந்து காட்டினோம். வாசற்படியில் நின்று அண்ணாந்து பார்த்து, "கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்குது," என்று சிரித்தார். தம்பி போன பிறகு சுவரையும் தரையையும் கிருமிநாசினியால் துடைத்தேன். பிறகு மறுபடியும் துடைத்தேன்.

மறுநாள் மத்தியானம் ஏர்கோனையும் ஃபேனையும் நிறுத்தினேன். கதவைச் சாத்தினேன். இருவரும் கை கழுவி மாஸ்க் போட்டுக்கொண்டோம். இரும்பு ஸ்டாண்டின் கொக்கியில் புதிய பையை மாட்டினேன். அவர் குழாயை இணைத்தார். பழைய நீர் தரையில் கிடந்த பைக்குள் இறங்கத் தொடங்கியது. நான் துண்டோடு அவர் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வியர்க்கவில்லை. முகம் தெளிவாக இருந்தது.

"ஏர்போர்ட்டுல உக்காந்திருக்கற மாதிரி இருக்கு," என்றார்.

"பேசாதீங்க, மாஸ்க் நழுவுது." சந்தோஷம் வந்தாலும் எனக்கு அதே வாய்தான்.

அப்போது மேலேயிருந்து என்னவோ விழுந்து, அவர் தோளில் பட்டுத் தரையில் உருண்டது. பல்லி.

எனக்கு உயிரே இல்லை. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று நாள்காட்டியின் பின்பக்கத்தில் போட்டிருக்கும். அது சமையலறைச் சுவரில் தொங்கியது. வலது தோளா, இடது தோளா? எது நல்லது, எது சாவு? ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அதோடு பல்லியின் உடம்பில் எத்தனை கிருமி இருக்கும் என்ற நினைப்பு வேறு. "இந்தச் சனியன் எப்படி உள்ள வந்துச்சு? எல்லா இடுக்கையும் அடைச்சேனே! எழுந்து குளிக்கணும் நீங்க, தண்ணி வடிஞ்சதும் குளிக்கணும்," என்று பொரிந்து தள்ளினேன்.

அவர் என் பேச்சைக் கேட்கவில்லை. பல்லியையே பார்த்தார். அது அசையவில்லை. ஒரு பக்கமாக விறைத்துக் கிடந்தது.

"செத்துக் கெடக்கு," என்றார்.

"விழுந்த வேகத்துல செத்திருக்கும்."

"பல்லி விழுந்தா சாகாதும்மா."

தலையை மெல்ல உயர்த்தி மேலே பார்த்தார். ஷட்டரின் இரும்புப் பெட்டிக்கும் ஃபாயிலின் ஓரத்துக்கும் நடுவில் ஒரு பல்லி அளவுக்கே இடைவெளி இருந்ததைப் பார்த்தார். அங்கிருந்து அவர் பார்வை நேர் மேலே வந்தது. வெப்பத்தில் வெள்ளி டேப் விட்டுப்போய், கடைசித் துண்டின் ஒரு முனை கீழே தொங்கியது. ஸ்டாண்டின் கொக்கிக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. ஸ்டாண்டைப் பிடித்திருந்த கையை அவர் மெதுவாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஸ்டாண்டத் தொடாத. கிட்ட வராத." குரலை உயர்த்தவே இல்லை. "செருப்பப் போட்டுக்க. கைய நல்லா தொடச்சிட்டு, டிராயர்ல என் டெஸ்டர் இருக்கும், எடுத்துட்டு வா."

டெஸ்டர் என்றால் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்க்ரூடிரைவர். கைப்பிடிக்குள் ஒரு பொடி விளக்கு இருக்கும். அதை எடுத்துவந்து, அவரிடமிருந்து தள்ளிக் கதவோரமாக முக்காலியைப் போட்டு ஏறினேன். அவர் சொல்லச் சொல்ல, அதன் நுனியை ஃபாயிலில் வைத்து மறுமுனையை விரலால் தொட்டேன். கைப்பிடிக்குள் சிவப்பாக எரிந்தது.

கூரை முழுக்கக் கரண்ட். நான் முந்தின நாள் தலைக்கு மேலே ஏந்திக்கொண்டு நின்ற அதே கூரை. அதன் கீழே, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு, வயிற்றில் குழாயோடு, இரும்பு ஸ்டாண்டில் தொங்கும் பையோடு இணைக்கப்பட்டு அவர் உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்தால் குழாய் பையை இழுக்கும். பை இழுத்தால் ஸ்டாண்டு ஆடும். ஸ்டாண்டு ஆடினால் கொக்கி மேலே படும். குழாயைக் கழற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் போய், ஸ்டாண்டை ஒட்டி நின்று, ஆற அமரச் செய்ய வேண்டும். தொங்கிய முனை அசைவதுபோல எனக்குப் பட்டது. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. பயத்தில் என் வாய் அடைத்துப்போனது அன்றுதான்.

"கராஜ் சுவிட்ச அணை," என்றார்.

ஓடிப்போய் அணைத்துவிட்டு வந்தேன். மறுபடியும் டெஸ்டரை வைத்தேன். மறுபடியும் எரிந்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். யோசிக்கிறார் என்று தெரிந்தது. கண்ணைத் திறந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"சாமி லைட்டு. அந்த ஒயர் இந்தக் கடைசிச் சட்டத்து ஓரமாத்தான் வெளிய போகுது. நான்தான் இழுத்தேன். சட்டத்துக்குச் சாயம் அடிச்சப்ப ஒயருக்கும் சேத்து அடிச்சிட்டாங்க, மறந்தே போச்சு. ஸ்டேப்லர் அதுலதான் எறங்கியிருக்கு." பிறகு, "போ, மெயின அணை," என்றார்.

ஹாலுக்கு ஓடினேன். மெயின் பாக்ஸைத் திறந்து பெரிய சுவிட்சில் விரலை வைத்தேன். அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக வாசல் மாடம் தெரியும். சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. விரல் அழுத்த மறுத்தது. எரியும் வரைக்கும் என்று கேட்டு வாங்கியவள் நான். என் கையாலேயே அணைக்கச் சொல்கிறாள் அம்மன். இதற்குத்தான் பல்லியை அனுப்பினாளா? அணைத்தாலும் போய்விடுவார், அணைக்காவிட்டாலும் போய்விடுவார் என்று தோன்றியது. முதலில் ஒரு அகல், ஒரே ஒரு அகல் ஏற்றிவிட்டால் போதும். சமையலறைக்கு ஓடினேன். எண்ணெய் கொட்டியது. தீக்குச்சி ஒடிந்தது. இன்னொன்றும் ஒடிந்தது.

"எங்க இருக்க?" என்று உள்ளேயிருந்து அவர் குரல்.

"வரேன்... ஒரு நிமிசம்... விளக்கேத்திட்டு அணைக்கிறேன்."

"என்ன விளக்கு?"

"நான் வேண்டியிருக்கேங்க. நீங்க ஐ.சி.யூ.ல இருந்தப்ப. அந்த லைட் எரியற வரைக்கும் நீங்க இருக்கணும்னு கேட்டுட்டேன். அது அணைஞ்சா..." அதற்கு மேல் என்னால் சொல்ல முடியவில்லை.

உள்ளேயிருந்து அவர் பேசினார். இத்தனை வருடத்தில் நான் கேட்டிராத குரல் அது.

"நான் அந்த பல்புக்குள்ள இல்லம்மா. இங்க உக்காந்திருக்கேன். எனக்குப் பயமா இருக்கு. அணை."

தீப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அணைத்தேன்.

பிரிட்ஜ் நின்றது. ஹாலில் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் வேகம் குறைந்து நின்றது. வீடு முழுக்க எந்தச் சத்தமும் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாடத்தில் அம்மன் முகம் நிழலில் இருந்தது. கராஜிலிருந்து குரல் வரவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டுப் பதில் வராமல் போனால் என்ன செய்வது? பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே பாசாரில் காய்கறி வாங்கி வந்த யாரோ மோட்டார் சைக்கிளில் கடந்து போனது மட்டும் நினைவிருக்கிறது.

"புது மாஸ்க் போட்டுட்டு வா," என்று அவர் கூப்பிட்டார். "பழைய தண்ணி வடிஞ்சிருச்சு. அடுத்தத எறக்கணும்."

எண்ணெய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். தாதி சொல்லிக்கொடுத்தபடியே ஒவ்வொரு விரலாகக் கழுவினேன். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தேன். கராஜ் அரையிருட்டாக இருந்தது. ஃபாயிலின் முனை கீழே இறங்கி, ஸ்டாண்டின் கொக்கிமேல் துணிபோலப் படிந்து கிடந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, கால் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி நாற்காலிக் குறுக்குக் கட்டையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எப்ப விழுந்துச்சு இது?" என்றேன்.

"நீ அணைச்ச அப்புறம்தான்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். நான் திரும்பக் கேட்கவில்லை. புதிய நீர் இறங்கி முடியும்வரை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தோளில் பல்லி விழுந்தது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மாலையில் தம்பி வந்தான். அந்த ஸ்டேப்பிளை இடுக்கியால் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். என்ன பெரிய வித்தையா என்று அதன்பிறகு அவன் என்னிடம் சொன்னதில்லை. ஆள் வைத்து, சாமி விளக்கின் ஒயரைச் சுவருக்கு வெளியே குழாய் போட்டுக் கொண்டுபோனோம். அந்த விளக்குக்கென்று ஹாலில் தனியாக ஒரு சுவிட்சும் வைக்கச் சொன்னார் அவர். ஃபாயிலின் ஓரங்களை வெட்டி, டேப்புக்குப் பதிலாக மரப் பட்டிகள் அடித்து இறுக்கினோம். ஆபத்து ஒன்றும் இல்லை என்று ஒயர்மேன் ஒவ்வோர் இடமாக டெஸ்டரை வைத்துக் காட்டினார். கராஜ் இப்போது மத்தியானத்திலும் குளிர்ச்சியாக இருக்கிறது. சிவப்பு பல்பு முன்போலவே எரிகிறது.

என் பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் அவர் குழாயைக் கையில் எடுப்பதற்கு முன், நான் ஹாலுக்குப் போய் அந்தச் சின்னச் சுவிட்சை என் கையாலேயே அணைக்கிறேன். மாடம் இருட்டானதும் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். "என் மாஸ்க் எங்க?" என்று உள்ளேயிருந்து அவர் சத்தம் போடுவார். அதன்பிறகுதான் எனக்குக் கால் நகரும். கதவைத் திறந்துகொண்டு போனால் மாஸ்க் அவர் மடியிலேயே இருக்கும். தினமும் அங்கேதான் இருக்கிறது.